96 எம்.எல்.ஏ.க்களும் வாரத்துக்கு இரண்டு முட்டையும்

2006 மே 13-ஆம் தேதி கலைஞர் ஐந்தாவது முறையாக முதலமைச்சர் ஆனார். அன்றைக்கே போட்ட உத்தரவுகளில் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் என்பதை ஊரெல்லாம் பேசினார்கள். கூட்டுறவுக் கடன் தள்ளுபடியை நிலம் வைத்திருந்தவர்கள் பேசினார்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தது: சத்துணவில் வாரத்துக்கு இரண்டு முட்டை. அதை வாய் ஓயாமல் பேசியது நாங்கள்தான். நாங்கள் என்றால் பால்வாடி டீச்சர்களும் ஆயாக்களும். அங்கன்வாடிப் பணியாளர் என்று காகிதத்தில் எழுதுவார்கள்; மீஞ்சூரில் இன்றைக்கும் பால்வாடிதான். அதுவரை வாரத்துக்கு ஒரு முட்டை. அது இரண்டானால் என்ன ஆகும் என்பது கோட்டையைவிட அடுப்படிக்கு நன்றாகத் தெரியும்.

முட்டை அட்டை அட்டையாக வரும், அட்டைக்கு முப்பது. வந்ததும் ஆயா ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாக விடுவார். படுத்தால் நல்லது, நின்றால் பழசு, மிதந்தால் வீண். மிதந்ததைத் தனியே வைத்து நோட்டில் எழுதுவேன். உப்புப் போட்டு வேகவைத்து, ஆறவிட்டு, ஓட்டை உரித்துத் தட்டில் வைத்தால் பாதிப் பிள்ளைகள் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்கும். ஒதுக்கியதைச் சோற்றில் பிசைந்து ஊட்டுவது ஆயாவின் வேலை. எங்கள் ஊர்த் தண்ணீரை நினைத்தாலும் முட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. 1960-களிலிருந்து சென்னை மாநகரத்துக்கும் ஆலைகளுக்கும் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் இருந்துதான் உறிஞ்சினார்கள். காலியான இடத்தில் கடல் ஏறி உட்கார்ந்தது. அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். முட்டைக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இனி சட்டசபைக் கணக்கு. மொத்தம் 234 இடம், ஆட்சிக்கு வேண்டியது 118. தி.மு.க.வுக்குக் கிடைத்தது 96. காங்கிரசின் 34, பா.ம.க.வின் 18, மார்க்சிஸ்ட் கட்சியின் 9, இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் 6 எல்லாம் வெளியிலிருந்து ஆதரவு. ஒருவரும் மந்திரி ஆகவில்லை. ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்றே எழுதினார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக்கூட அந்தச் சொல் பாடமாகிப்போனது. இன்றைக்குக் கவிழும் நாளைக்குக் கவிழும் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். பா.ம.க. போனது, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் போயின, காங்கிரஸ் போகவில்லை. போக முடியாது. இங்கே கலைஞருக்குக் காங்கிரசின் 34 எம்.எல்.ஏ. தேவை, டெல்லியில் மன்மோகன் சிங்குக்குத் தி.மு.க.வின் 16 எம்.பி. தேவை. ஒருவர் வேட்டியை இன்னொருவர் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஐந்து வருஷத்தை முழுசாக முடித்தார்கள்.

அந்த ஐந்து வருஷத்தில் முட்டை ஏறிக்கொண்டே போனது. 2006 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளிலிருந்து இரண்டு. அடுத்த வருஷம் அதே நாளில் மூன்று. 2010-இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐந்து. எங்கள் பால்வாடிப் பிள்ளைகளுக்கு மூன்றோடு நின்றது. அது ஏன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முட்டையை முதலில் தட்டில் வைத்ததும் அவர்தான், 1989-இல், பதினைந்து நாளைக்கு ஒன்று. 1998-இல் அது வாரத்துக்கு ஒன்றானது. ஒன்பது வருஷத்தில் அவ்வளவுதான் நகர்ந்த முட்டை, 96 பேரை வைத்துக்கொண்டு ஓட்டிய ஆட்சியில் நாலு வருஷத்துக்குள் ஒன்றிலிருந்து ஐந்துக்குத் தாவியது. எந்த நேரமும் தேர்தல் வரலாம் என்று நினைக்கிற அரசு தாய்மார்களை எந்த நேரமும் நினைக்கும். இது என் ஊகம்தான், கோட்டையில் யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. அதே பயம் வேறு விதமாகவும் வேலை செய்தது: 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று ஒன்று நாட்டுக்கே தெரிந்தது. முட்டையும் அதே ஆட்சியில்தான், ஃபார்முலாவும் அதே ஆட்சியில்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

மைனாரிட்டி ஆட்சியும் பிள்ளைகளும் என்ற கதை எங்கள் வீட்டில் இன்னும் பழையது. என் அப்பா 1953-இல் மூன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய வருஷத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 375 இடத்தில் காங்கிரசுக்கு 152தான். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து எங்களுக்குத்தான் எண்ணிக்கை என்றன. கவர்னர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியைக் கூப்பிட்டார். தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவையில் நியமனம் செய்து முதலமைச்சர் ஆக்கினார்கள். ஆள் சேர்ப்பது அன்றைக்கும் இதே ஆள் சேர்ப்புதான். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 பேர். வட ஆற்காட்டிலும் எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவிலும் அந்தக் கட்சிக்குச் செல்வாக்கு. அவரை மந்திரியாக்கினார்கள், 6 பேரும் இந்தப் பக்கம் வந்தார்கள். மீஞ்சூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா. எங்கள் தாத்தா அந்த மந்திரி பதவியைத் தன் வீட்டுக்கு வந்த பதவி மாதிரிப் பேசுவாராம்.

அப்படித் தைத்துக் கட்டிய அரசு 1953 ஜூனில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம்; மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியாரும் தி.மு.க.வும் குலக்கல்வி என்று பேர் வைத்துத் தெருவில் இறங்கினார்கள். என் அப்பா காலையில் பள்ளிக்கூடம் போய்விட்டு மதியம் மாடு ஓட்டிக்கொண்டு போவார். அவருடைய அப்பனுக்குச் சொந்தத் தொழில் என்று எதுவும் இல்லை, கூலி வேலை. பிள்ளை எதைக் கற்றுக்கொள்வது? இன்னொருவர் மாட்டை மேய்க்கத்தான் அந்த மதியங்கள் போயின. ஜூலை 29-ஆம் தேதி சட்டசபையில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சரிக்குச் சரி. தீர்மானம் தோற்றது, ஆனால் நிபுணர் குழு ஒன்று பார்க்கட்டும் என்று முடிவானது. ராஜாஜியின் கட்சிக்காரர்களே நெளிந்தார்கள். 1954 ஏப்ரலில் அவர் இறங்க, காமராஜர் ஏறினார்; மே மாதம் திட்டத்தைத் தூக்கிப் போட்டார்கள். மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம் ஒரு முதலமைச்சரை இறக்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பிள்ளைகள் விஷயத்தில் கை வைக்க எல்லாக் கட்சிக்கும் ஒரு நடுக்கம் உண்டு. அந்த நடுக்கத்தை நான் நல்ல விஷயமாகவே பார்க்கிறேன்.

காமராஜர் 1956-இல் மதிய உணவு ஆரம்பித்தார், முதலில் ஊராரின் நன்கொடையில், பிறகு அரசுப் பணத்தில். நான் சாப்பிட்டது அதற்குப் பிந்தைய, கேர் என்ற தொண்டு நிறுவனத்தின் காலம்: அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமா, பால் பவுடர். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. விருப்பத்தோடு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். அவருக்குச் சட்டசபையில் முழுப் பலம் இருந்தது. அதனால் மைனாரிட்டி ஆட்சி மட்டுமே பிள்ளைகளுக்குச் சோறு போடும் என்று நான் சொன்னால் என் வாயிலேயே மண்தான். ஆனால் 1980-இல் நாடாளுமன்றத் தேர்தலில் 39-க்கு இரண்டே இடம் வாங்கி, ஆட்சியும் கலைக்கப்பட்டு, மறுபடி ஜெயித்து வந்தவர் அவர். நாற்காலி ஆடும் என்று ஒருமுறை பார்த்தவர். சத்துணவு வந்ததில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்தது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பால்வாடிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 80 கிராம் அரிசி. அதை அளக்கும் டம்ளர் ஒன்று என்னிடம் தேய்ந்தே போனது.

டெல்லிக்கு வருவோம். 2004-இல் காங்கிரசுக்கு 145 எம்.பி.தான், இடதுசாரிகள் சுமார் 60 பேர் வெளியிலிருந்து தாங்கினார்கள். அந்த ஆதரவுக்கு எழுதிக்கொண்ட குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டத்தில் ஒரு வரி, ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி இந்திரா காந்தி காலத்தில் வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. உச்ச நீதிமன்றமும் உணவு உரிமை வழக்கில் 2001-இலிருந்தே அரசைக் கிள்ளிக்கொண்டிருந்தது. 2006 டிசம்பரில் 14 லட்சம் அங்கன்வாடிகள் வேண்டும், 2008 டிசம்பருக்குள் வேண்டும் என்று நாள் குறித்தது. அதே 2006 டிசம்பரில், அதே உச்ச நீதிமன்றம், கர்நாடக வழக்கொன்றில் இன்னொன்றும் சொன்னது: அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்கள் அல்ல. மையம் ஊருக்கு ஊர் வேண்டும், அதை நடத்துகிறவள் யார் வீட்டு ஆள் என்று கேட்டால் பதில் கிடையாது. 2008 பட்ஜெட்டில் சிதம்பரம் எங்களுக்கான மத்திய அரசின் மதிப்பூதியத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார், ஆயாவுக்கு 750. அப்போது இடதுசாரிகள் அரசுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஜூலையில் அமெரிக்க அணு ஒப்பந்தத்தால் விலகினார்கள். ஜூலை 22-ஆம் தேதி நம்பிக்கை ஓட்டு: 275-க்கு 256. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் லஞ்சம் என்று சொல்லிச் சபைக்குள் கட்டுக் கட்டாக நோட்டை எடுத்துக் காட்டியதை டி.வி.யில் பார்த்தோம். எங்கள் ஆயா ஒரு கட்டில் எத்தனை மாசச் சம்பளம் இருக்கும் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். விரல் போதவில்லை.

என் அக்கா மகள் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அங்கே பிள்ளையை டேகேரில் விட அவள் கட்டிய பணத்தைக் கேட்டு அக்கா மயங்கி விழாத குறை. அவளால்தான் அந்த ஊர்க் கதையை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2004-இல் அங்கேயும் மைனாரிட்டி ஆட்சி. பால் மார்ட்டினின் லிபரல் கட்சிக்கு 308-க்கு 135. 2005 மே 19-ஆம் தேதி பட்ஜெட் ஓட்டில் 152-க்கு 152. சபாநாயகர் பீட்டர் மில்லிக்கன் தன் ஓட்டைப் போட்டு அரசைக் காப்பாற்றினார். அப்பாவின் 138-க்கு 138 கதையை நான் அவளிடம் சொன்னேன். உங்க தாத்தா மாடு மேய்த்த கதை கனடாவில் நடந்திருக்கிறது பார் என்றேன். மார்ட்டினின் அமைச்சர் கென் டிரைடன், முன்னாள் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர், பத்து மாகாணங்களோடும் குழந்தைக் காப்பகத்துக்கு ஒப்பந்தம் போட்டார். ஐந்து வருஷத்துக்கு 500 கோடி டாலர். கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள், நவம்பர் 28-ஆம் தேதி ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த ஸ்டீபன் ஹார்ப்பருக்கும் மெஜாரிட்டி இல்லை. ஆனாலும் ஒப்பந்தங்களை ரத்து செய்துவிட்டு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 டாலர் என்று தாய்மாரின் கையில் கொடுத்தார். அது தொடங்கியது 2006 ஜூலை. எங்களுக்கு இரண்டாவது முட்டை வந்த அதே மாதம்.

அங்கே கிழிந்தது, இங்கே ஏன் கிழியவில்லை? 2011-இல் ஜெயலலிதா பெரிய மெஜாரிட்டியோடு வந்தார். கலைஞர் ஆட்சியில் கட்டிய புதிய தலைமைச் செயலகத்தை மருத்துவமனை ஆக்கினார், சமச்சீர் கல்வியை நிறுத்தப் பார்த்து நீதிமன்றத்தில் தோற்றார். முட்டை மேல் கை வைக்கவில்லை. 2013-இல் அதிலேயே மிளகு முட்டை, தக்காளி முட்டை என்று மசாலா சேர்த்தார். டிரைடனின் ஒப்பந்தம் ஒரு தட்டுக்கும் போய்ச் சேரவில்லை, ஒரு பிள்ளைக்கும் ருசி காட்டவில்லை. ரத்து செய்தபோது தெருவில் அழ ஆள் இல்லை. எங்கள் முட்டையை ஒரு வாரம் நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை மதியமே வாசலில் பத்துத் தாய்மார்கள் நிற்பார்கள். கனடாக்காரர்களும் பிறகு அதைப் புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. 2021-இல் 5 வருஷத்துக்கு 3,000 கோடி டாலர், நாளைக்குப் பத்து டாலர் டேகேர் என்று அறிவித்தது மறுபடியும் ஒரு மைனாரிட்டி ஆட்சிதான், ட்ரூடோவுடையது. 2022 மார்ச்சில் புதிய ஜனநாயகக் கட்சியோடு உடன்பாடு. அந்த வாரக் கடைசி தாண்டியதும் ஒண்டாரியோவும் கையெழுத்து. இந்தமுறை கட்டணம் உடனே இறங்கியது. என் அக்கா மகள் ரசீதையே போட்டோ எடுத்து அனுப்பினாள். 2024-இல் அதைச் சட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள்.

முழு மெஜாரிட்டி வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2014-இல் முப்பது வருஷத்துக்குப் பிறகு டெல்லியில் ஒரே கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை. அடுத்த வருஷ பட்ஜெட்டிலேயே அங்கன்வாடித் திட்டத்துக்கான மத்திய ஒதுக்கீடு பாதிக்கும் கீழே போனது. மாநிலங்களுக்கு வரிப் பங்கு கூட்டியிருக்கிறோம், அதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். துறை அமைச்சர் மேனகா காந்தியே வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். பிறகு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்கள். காப்பகங்களின் கதை அதைவிட மோசம். தேசியக் காப்பகத் திட்டத்தில் நாடு முழுக்க இருபதாயிரத்துக்கு மேல் காப்பகங்கள் இருந்தன. 2017-இல் மத்திய அரசு தன் பங்கை 90 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது. சில வருஷத்தில் ஏழாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. இதற்காக எந்தச் சபையிலும் ஒரு நம்பிக்கை ஓட்டும் வரவில்லை.

எனக்கு உள்ள வருத்தம் இங்கேதான். மைனாரிட்டியோ மெஜாரிட்டியோ, எல்லோரும் முட்டையை எண்ணினார்கள், மணியை எண்ணவில்லை. மீஞ்சூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் பக்கத்துத் தாய்மார்கள் விடியற்காலை கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலைப் பிடித்து மீன் வாங்கக் காசிமேடு போகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் காண்ட்ராக்ட்டில் கூட்டிப் பெருக்கப் போகிறவர்கள். பால்வாடி திறக்கும்போது அவர்கள் வேலையில் பாதி முடிந்திருக்கும். மூடும்போது இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள். 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்கிற தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பழைய தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. காண்ட்ராக்டர் பேரில் பிரித்து எழுதியதால் எந்தக் கேட்டிலும் முப்பது பேர் தேறவில்லை. 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி 50 பேர் வேலை செய்யும் இடமெல்லாம் காப்பகம் என்றார்கள். கூடைக்காரிக்கும் சூளைக்காரிக்கும் அந்த 50 பேர் எங்கே இருக்கிறார்கள்?

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பால்வாடியில் இடம் கிடையாது. சத்துமாவு பாக்கெட் வீட்டுக்குப் போகும். ஆனால் நாலு வயது அக்கா பால்வாடிக்கு வரும்போது இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியும் வருவான். வீட்டில் பார்க்க ஆள் இல்லை என்றால் அந்தப் பெண் என்ன செய்யும்? திருப்பி அனுப்பினால் அக்காவும் போய்விடும். அதனால் உட்கார வைப்போம். அவன் பேர் வருகைப் பதிவேட்டில் வராது. மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் தட்டை எண்ணுவார், தலையை எண்ணுவார், ஒன்று கூடுகிறதே என்று கேட்பார். அக்காவைக் கூப்பிட வந்த தம்பி என்று சொல்வேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முட்டை நாளில் அக்காவின் முட்டையை நூலால் இரண்டாக அறுத்து அவனுக்குப் பாதி கொடுப்பது ஆயாவின் வழக்கம். கணக்குப்படி அது ஒரு பிள்ளைக்கு ஒரு முட்டைதான்.